உடும்பு வக்கீல் வாங்கிய வாய்தா

மருதங்கண்மாய்க் கரையில் ஓர் உடும்பும் ஒரு கீரியும் வக்கீல் தொழில் செய்துவந்தன. உடும்பின் பெயர் வன்பிடி. கீரியின் பெயர் சாம்பன். கரையில் நின்ற பெரிய மருதமரத்தின் நிழல்தான் நீதிமன்றம். நீதிபதி ஒரு கிழட்டு நாரை.

பௌர்ணமிதோறும் பகலில் கோர்ட்டு கூடும். நாரை ஒற்றைக் காலில் நின்று வழக்கைக் கேட்கும். கால் வலித்து மறுகாலுக்கு மாறிவிட்டால் அந்த வழக்கின் விசாரணை அன்றைக்கு முடிந்தது. மிச்சம் அடுத்த பௌர்ணமிக்குத்தான். அதற்கு வாய்தா என்று பெயர். இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. இரண்டும் தவறு. நாம் கதைக்குப் போவோம்.

உடும்பு நன்றாகப் படித்தது. காட்டுச் சட்டம் மொத்தம் நூற்றெட்டு ஓலை. நூற்றெட்டும் அதற்கு மனப்பாடம். அதன் நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். தொழிலால் அப்படி ஆயிற்று என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அது சரியல்ல. உடும்புக்குப் பிறவியிலேயே நாக்கு அப்படித்தான்.

வாய்தா வாங்குவதில் உடும்பை மிஞ்ச ஆளில்லை. “கனம் நீதிபதி அவர்களே” என்று தொடங்கும். நாரையின் முப்பாட்டனைப் புகழும். கண்மாய் வெட்டிய வரலாற்றைச் சொல்லும். பிறகு முதல் ஓலையிலிருந்து வரிசையாக ஒப்பிக்கும். பத்தாவது ஓலையில் நாரையின் முழங்கால் நடுங்கும். பதினான்காவது ஓலையில் கால் மாறிவிடும். இருபது வருஷத்தில் உடும்பு ஒரு வழக்கிலும் தோற்றதில்லை. வழக்கு முடிந்தால்தானே தோற்பதற்கு!

கீரிக்குத் தெரிந்தது மூன்று ஓலை. அதிலும் ஒன்று எலி கடித்தது. ஆனால் நாரை கால் மாற்றுவதற்குள் அது சொல்ல வேண்டியதைச் சொல்லி உட்கார்ந்துவிடும்.

இரண்டும் மருதமரத்தின் ஒரே வேரில்தான் அமரும். உடும்பு கீரியைத் தம்பி என்றது. கீரி உடும்பை அண்ணே என்றது. வழக்கில்லாத நாளில் இரண்டும் சேர்ந்தே வெயில் காய்ந்தன.

உடும்புக்கு ஓர் ஆசை இருந்தது. மலைக்கு அப்பால், பெருங்காட்டின் நடுவில், சபைப் பாறை என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு கண்மாயும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அங்கே அனுப்பும். மருதங்கண்மாய்க்கு ஒரு கூழைக்கடா நெடுங்காலமாகப் போய்வந்தது. அதற்கு இறகு தளர்ந்துவிட்டது. அடுத்து யார் என்று உடும்பைக் கேட்டால் அது அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்ளும். சபையில் பேச வேண்டிய முதல் பேச்சை ஒரு புற்றுக்குள் தலையை விட்டு எட்டு வருஷமாக ஒத்திகை பார்த்துவந்தது. கறையான்களுக்கே அந்தப் பேச்சு மனப்பாடம்.

அப்போதுதான் தண்ணீர்ப் பாம்பின் வழக்கு வந்தது.

தன் தலைப்பிரட்டைக் குஞ்சுகளைப் பாம்பு விழுங்கிவிட்டதாக ஒரு தவளை புகார் செய்தது. தீர்ப்பு வரும்வரை பாம்பு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று நாரை உத்தரவு போட்டது. பாம்பு முதலில் உடும்பிடம்தான் போயிற்று. கவலைப்படாதே, உன் ஆயுள் உள்ளவரை வாய்தா வாங்கித் தருகிறேன் என்று உடும்பு தைரியம் சொன்னது. ஆயுள் முழுக்கத் தண்ணீர்ப் பாம்பு தரையிலேயே கிடப்பதா? பாம்பு அழுதுகொண்டே கீரியிடம் போயிற்று. பக்கத்தில் போகவில்லை. ஒரு மூங்கில் நீளம் தள்ளி நின்று விஷயத்தைச் சொன்னது.

கரை முழுவதும் இதே பேச்சாயிற்று. கீரி பாம்புக்கு வக்கீலா?

“பகை எங்கள் குடும்ப விஷயம்,” என்றது கீரி. “வழக்கு ஊர் விஷயம்.”

விசாரணை நாளில் கீரி ஒரு பாம்புச் சட்டையைக் கொண்டுவந்து நாரையின் முன்னால் விரித்தது. குஞ்சுகள் காணாமல் போன வாரத்தில் பாம்பு சட்டை உரித்துக்கொண்டிருந்தது. சட்டை உரிக்கும் காலத்தில் பாம்புக்குக் கண் மங்கும், இரை எடுக்காது. இதை நாரையும் அறியும். அப்படியானால் விழுங்கியது யார் என்று கீரி கேட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்தது. ஒரு விரால் மீன் சடாரென்று ஆழத்துக்கு இறங்கியது. வழக்கு முடிந்தது. நாரை கால் மாற்றவே இல்லை.

அன்றிலிருந்து உடும்பின் தூக்கம் கெட்டது.

அதுவரை அந்த வழியே போகும் அணில் வேரைப் பார்த்து ஒரு கும்பிடு போடும். இரண்டு வக்கீலும் அதைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ளும். இப்போது அணில் நின்று கீரிக்கு ஒரு கும்பிடு போட்டது. பிறகு ஞாபகம் வந்ததுபோல் உடும்புக்கும் ஒன்று போட்டது. அந்த இரண்டாவது கும்பிடு, கண்ணில் விழுந்த மணலாக உடும்பை உறுத்தியது. மீன்கொத்தி கீரியின் தலைக்கு மேல் ஒரு வட்டம் அடித்தது. நண்டு கரையேறிவந்து கீரியின் நலம் விசாரித்தது. கீரி தும்மினால் நான்கு பேர் நூறு வயது என்றார்கள். உடும்பும் ஒருநாள் தும்மிப் பார்த்தது. யாரும் திரும்பவில்லை.

“மூன்று ஓலை படித்தவன்,” என்று அது பொந்துக்குள் மனைவியிடம் புலம்பியது. “அதில் ஒன்று எலி கடித்தது.”

“நேற்றும் இதைத்தான் சொன்னீர்கள்,” என்றது மனைவி. “எலி கடித்த ஓலைக்கே இவ்வளவு கூட்டம் என்றால், உங்கள் ஓலையிலும் நாலைந்தை எலிக்குப் போடுங்களேன்.”

கூழைக்கடா இனிமேல் தன்னால் முடியாது என்று அறிவித்தது. சாம்பனை அனுப்பலாம் என்று கரையில் பேச்சு எழுந்தது. கீரி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, வாலைச் சீவிக்கொள்ளவும் தொடங்கியது.

உடும்பு மூன்று நாள் சாப்பிடவில்லை. நூற்றெட்டு ஓலைகளையும் மனத்துக்குள் புரட்டியது. எழுபத்திரண்டாவது ஓலையில் நின்றது. ஒரு வழக்கு நிலுவையில் இருக்கும்போது, அந்த வழக்கில் பெயருள்ள எவரும் அந்தக் கண்மாயின் சார்பில் தேர்தலில் நிற்கலாகாது. உடும்பின் வால் தானாகவே தரையில் படபடவென்று அடித்தது.

கீரியின் மேல் ஒரு வழக்குப் போட்டால் போதும். ஜெயிக்க வேண்டியதில்லை. முடியாமல் பார்த்துக்கொண்டால் சரி. அது உடும்புக்குக் கைவந்த கலை.

மனு இப்படி அமைந்தது. கீரி என்பது பாம்புக்குப் பகை. இந்தக் கீரி பாம்புக்காக வாதாடியது. ஆகவே இது கீரியே அல்ல. கீரி அல்லாத ஒன்று கீரி என்ற பெயரில் தொழில் செய்வது ஆள்மாறாட்டம்.

நல்ல மனுதான். ஆனால் மனுதாரர் வேண்டுமே. பாம்பு வழக்கில் தோற்ற தவளையிடம் உடும்பு போயிற்று. வழக்கு தோற்றாலும் ஒரே நாளில் முடிந்தது, நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றது தவளை. நண்டு பக்கவாட்டில் நழுவிவிட்டது. விரால் தண்ணீருக்கு மேலேயே வரவில்லை. கடைசியில் உடும்பு மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதியது. இருபது வருஷமாக அந்த இடத்தில் அது அடுத்தவர் பெயரைத்தான் எழுதியிருக்கிறது. பழக்கதோஷத்தால், இம்முறை எழுதியது யார் பெயர் என்பதே அதன் நினைவில் நிற்கவில்லை.

முதல் பௌர்ணமியில் உடும்பு நாரையின் முப்பாட்டனைப் புகழ்ந்தது. வாய்தா. இரண்டாவது பௌர்ணமியில் முப்பாட்டியைப் புகழ்ந்தது. வாய்தா. மூன்றாவதில் கண்மாய் வெட்டியபோது மண் சுமந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வாசித்தது. நாரை அன்றைக்குச் சீக்கிரமாகவே கால் மாற்றிக்கொண்டது.

கீரியும் உடும்பும் கோர்ட்டில் மோதுகின்றன என்ற செய்தி பறவைகள் மூலம் சுற்றுவட்டாரத்துப் பன்னிரண்டு கண்மாய்களுக்கும் பரவியது. பௌர்ணமிதோறும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. உடும்பு நாரையைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கும். பிரதிவாதியான கீரிக்கு வேலை இல்லை. அது பின்வரிசையில் ஒரு நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும். வந்தவர்களுக்கும் வேலை இல்லை. அவர்கள் கீரியிடம் தங்கள் குறைகளைச் சொல்வார்கள். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைக் காட்டுப்பன்றிகள் உழக்கி அடைக்கின்றன என்பார்கள். கடைமடைக்குத் தண்ணீர் வருவதில்லை என்பார்கள். கீரி தலையாட்டிக் கேட்கும். உடும்பின் முதுகுக்குப் பின்னால் இவ்வளவும் நடந்தது. உடும்பு ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வேட்புமனுவுக்குக் கடைசி நாள் வந்தது. தேர்தல் அதிகாரி ஒரு மரங்கொத்தி. வேட்பாளர் பெயரை ஒரு பட்டுப்போன பனைமரத்தில் கொத்தி வைக்கும். சூரியன் மறைந்தால் கொத்துவது நின்றுவிடும். நாரையும் அன்றைக்கு மருத நிழலில் வந்து நின்றது. வேட்பாளர் தகராறுகளைத் தீர்க்க அது வருவது வழக்கம்.

கீரி வந்தது. வழக்கு நிலுவை என்று மரங்கொத்தி திருப்பி அனுப்பியது. தூரத்தில் நின்ற உடும்புக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

பிறகு நடந்ததுதான் அதற்கு இன்னும் இனித்தது. நண்டு முன்னால் வர, தவளைகளும் அணில்களும் நத்தைகளும் ஊர்வலமாக உடும்பைத் தேடி வந்தன. கீரி நிற்க முடியாது. கரையில் வேறு படித்தவர் இல்லை. நீங்கள்தான் நிற்க வேண்டும் என்று நண்டு கேட்டுக்கொண்டது. எட்டு வருஷம் புற்றுக்குள் சொன்ன பேச்சு உடும்பின் தொண்டைவரை வந்தது. ஊர் கேட்கும்போது மறுப்பது அழகல்ல என்று மட்டும் சொல்லி, அது பனைமரத்தை நோக்கி நடந்தது. அணில் ஒரு முழுக் கும்பிடு போட்டது. உடும்பு அதை நின்று வாங்கிக்கொண்டது.

மரங்கொத்தி தன் பட்டியலைப் பார்த்தது. பிறகு உடும்பைப் பார்த்தது.

“மனுதாரர் உடும்பு வன்பிடி என்று இருக்கிறதே?”

“இருக்கட்டும். அந்த விதி பிரதிவாதிக்கு.”

“பெயருள்ள எவரும் என்றுதான் ஓலையில் இருக்கிறது, வக்கீலய்யா. போன மாதம் நீங்கள்தானே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்?”

உடும்பின் கழுத்துச் சதை தொங்கியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

வழி ஒன்று இருந்தது. வழக்கை வாபஸ் வாங்கலாம். இருதரப்பும் சம்மதித்தால் நாரை தலையசைக்கும். வழக்கு அந்த நொடியே ஒழியும். சூரியன் இன்னும் இரண்டு பனை உயரத்தில் இருந்தது.

கீரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. “எனக்குச் சம்மதம் அண்ணே. வாபஸ் வாங்குங்கள். நான் நிற்கவில்லை, நீங்களே நில்லுங்கள். கரை முழுக்கப் போய் உங்களுக்காக நானே பேசுகிறேன்.”

கூட்டம் கீரியை மெச்சியது. அந்த முணுமுணுப்பு உடும்பின் காதில் விழுந்தது. அது விழாமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். இவன் பேசி நான் ஜெயிப்பதா என்று உடும்பு நினைத்தது. சாம்பன் போட்ட பிச்சை என்று காலமெல்லாம் சொல்வார்களே. வழக்கு ஒழிந்த மறுநொடி இவனே பனைமரத்துக்கு ஓடினால் யார் தடுப்பது? நான் நின்றால் இவனும் நிற்கலாம். நான் நிற்காவிட்டால் இவனும் நிற்க முடியாது.

“சீக்கிரம் சொல்லுங்கள் வக்கீலய்யா, பொழுது இறங்குது,” என்றது நண்டு.

உடும்பு நாரையின் பக்கம் திரும்பியது. “கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் தரப்பில் வாய்தா கேட்கிறேன்.”

நாரை கால் மாற்றியது. சூரியன் மறைந்தது.

மறைவதற்குச் சற்று முன்னால் ஓர் எருமை முதுகு சொறிந்துகொள்ள அந்தப் பனைமரத்தடிக்கு வந்திருந்தது. மரங்கொத்தி அதன் பெயரைக் கேட்டது. எருமை சொன்னது. ஏன் கேட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. எருமை போட்டியின்றித் தேர்வாயிற்று. சபைப் பாறைக்குப் பக்கத்தில் நல்ல சேறு இருந்ததால் அதற்கும் வருத்தமில்லை.

மருதங்கண்மாயின் கதவு கீரிக்கு அடைபட்டது. ஆனால் பேரேரி என்று ஒரு பெரிய தொகுதி உண்டு. பன்னிரண்டு கண்மாய்களும் சேர்ந்து ஓட்டுப் போடும் இடம். அதில் ஜெயித்தவர்கள்தான் மந்திரியாக முடியும். அதற்கு வேட்புமனு பதினைந்து நாள் கழித்துத்தான். அங்கே கீரியின் மேல் வழக்கு எதுவும் இல்லை. பௌர்ணமிதோறும் நாவல் மரத்தடியில் குறை சொன்னவர்களே வந்து கீரியை அழைத்துப்போனார்கள். இந்த வழக்கு இல்லாவிட்டால் கீரி சின்னக் கண்மாய்க்கு நின்றிருக்கும். பேரேரியை நினைத்தே பார்த்திருக்காது.

கீரி பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தது. அடுத்த மழைக்குள் நீர்த்துறை மந்திரி ஆயிற்று. பன்றிகளை விரட்டி வரத்துக்காலைச் சரிசெய்தது. கடைமடையை மறந்துபோயிற்று. வயிறு கொஞ்சம் சரிந்தது. எதைக் கேட்டாலும் ஆவன செய்யப்படும் என்றது. மந்திரி மொழியில் அதற்கு என்ன பொருள் என்பதிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

இப்போது மருதமரத்தடியில் உடும்பு ஒன்றே வக்கீல். எல்லா வழக்கும் அதனிடம்தான் வந்தது. எல்லாக் கும்பிடும் அதற்குத்தான் விழுந்தது. உடும்புக்கு அது எதுவும் ருசிக்கவில்லை. பெருங்காட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பறவையிடமும் சாம்பன் என்ன சாப்பிடுகிறான், யார் மாலை போட்டார்கள் என்று விசாரிக்கும். கேட்டுவிட்டு வயிறெரியும்.

“அவர்தான் போய்விட்டாரே. வழக்கை விட்டுவிடுங்களேன்,” என்றது மனைவி.

“உடும்பு பிடித்தால் விடாது,” என்றது உடும்பு.

“பிடித்திருப்பது நீங்களா, அவரா?”

உடும்பு அடுத்த பௌர்ணமிக்கும் வாய்தா வாங்கியது.

மந்திரியானாலும் பிரதிவாதி கோர்ட்டுக்கு வந்தாக வேண்டும். கீரி பௌர்ணமி தவறாமல் வந்தது. பின்னாலேயே கூட்டமும் வந்தது. மற்ற மந்திரிகள் ஜெயித்த பிறகு சொந்த ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதில்லை. தொகுதி மறவாத மந்திரி என்று கீரிக்குப் பட்டம் கிடைத்தது.

ஐந்து வருஷம் ஓடியது. மறுபடியும் தேர்தல் நெருங்கியது. எருமையை இனி அனுப்புவதில்லை என்று கரை முடிவு செய்தது. வேட்புமனுவுக்கு முந்தின கடைசி பௌர்ணமி அன்று கோர்ட்டு கூடியது. டவாலித் தவளை இரு தரப்பின் பெயரையும் மும்முறை கூவியது. உடும்பு எழுந்தது. நாரையின் கொள்ளுப்பாட்டியைப் புகழ வாயைத் திறந்தது. பின்னால் ஏதோ பெரிய ஆரவாரம். உடும்பு ஐந்து வருஷத்தில் முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தது.

நாவல் மரத்தடியில் பன்னிரண்டு கண்மாய்களின் உயிர்களும் கூடியிருந்தன. நடுவில் கீரி. கழுத்தில் தாமரை மாலை. ஒரு மூங்கில் நீளம் தள்ளித் தண்ணீர்ப் பாம்பும் தலைதூக்கி நின்று பார்த்தது. உடும்பு கூட்டத்தைப் பார்த்தது. பிறகு நாரையின் காலைப் பார்த்தது. இத்தனை பௌர்ணமிக்கும் தேதி வாங்கிக் கொடுத்தது யார் என்று அதற்கு அப்போதுதான் உறைத்தது.

“கனம் நீதிபதி அவர்களே,” என்றது. “வழக்கை வாபஸ் வாங்குகிறேன்.”

நாரை நம்பமுடியாமல் இன்னொரு முறை கேட்டது. உடும்பு இன்னொரு முறை சொன்னது. நண்டுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இந்த முறையாவது படித்த வக்கீல் நிற்கட்டும் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னது. நாரை பிரதிவாதியின் சம்மதத்தைக் கேட்டது.

கீரி மாலையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தது. மந்திரியான பிறகு அது நான்காவதாக ஓர் ஓலை படித்திருந்தது.

“அன்றைக்கு நான் சம்மதித்தேன், நீங்கள் வாய்தா கேட்டீர்கள் அண்ணே,” என்றது அன்பாக. “இன்றைக்கு நான் கேட்கிறேன். அடுத்த பௌர்ணமி ஓட்டுப்பதிவுக்கு முந்தின நாள் வருகிறது. இவ்வளவு கூட்டம் எனக்கு வேறு எங்கே சேரும்?”

பிறகு நாரையின் பக்கம் திரும்பி, அதன் முப்பாட்டனாரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல அனுமதி கேட்டது.

நாரைக்கு வயதாகிவிட்டது. முப்பாட்டனார் பெயரைக் கேட்டதுமே கால் மாற்றிக்கொண்டது.

பொறாமையால் பிறர் ஏறும் ஏணியை இறுகப் பிடித்துக்கொள்பவன், அவர் உச்சிக்குப் போகும்வரை அது ஆடாமல் பார்த்துக்கொள்கிறான்.